திறப்பு விழாவுக்குப் பிறகு

ஏசி இரண்டும் லொறியில் வந்து இறங்கிய அன்றுதான் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இருக்க இடமில்லாமல் போனது.

மருதமுனையில் கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவே இருக்கும் அந்தப் பாடசாலையில், மழைக்கு ஒழுகாத, வெயிலுக்கு வேகாத அறை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாதாரண தரச் சோதனைக்குப் போகிற பிள்ளைகள் என்பதால் அதைப் பதினோராம் ஆண்டுக்கு விட்டிருந்தார்கள். லண்டனில் இருக்கும் ஊர்க்காரர்களின் ஒன்றியம் ஸ்மார்ட் வகுப்பறை ஒன்று அமைத்துத் தருவதாக அறிவித்தபோது, பார்க்க வந்தவர்கள் நேரே அந்த அறைக்குத்தான் போனார்கள். மேசை கதிரைகளை வெளியே தூக்கி வைத்தார்கள். யன்னல்களுக்குக் கண்ணாடி போட்டார்கள், நிலத்துக்கு மாபிள் பதித்தார்கள், சுவரில் கட்டில் அகலத்துக்குத் தொடுதிரை ஒன்றை மாட்டினார்கள். முப்பத்திநாலு பிள்ளைகளும் மண்டபத்தின் ஒரு பாதிக்குப் போனார்கள். மறுபாதியில் ஆறாம் ஆண்டு. நடுவில் பலகைத் தடுப்பு. ஆறாம் ஆண்டு வாய்ப்பாடு சொன்னால் பதினோராம் ஆண்டும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பிரதி அதிபர் மர்ஷூதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தியொரு வருடமாக வரலாறு படிப்பிக்கிறவள். பாடசாலைக்கு இப்போது என்ன தேவை என்று யார் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள்: கணித ஆசிரியர்.

இருந்தவர் ஜனவரியில் இடமாற்றம் பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அதிபர் மீராமுகைதீன் சேர் கல்விக் கந்தோருக்கு நாலு கடிதம் எழுதினார். பதிலாக வந்து சேர்ந்தவர் விவசாய பாட ஆசிரியர். அருமையான மனிதர். வந்த மாதமே பாடசாலைக்குப் பின்னால் கத்தரி நட்டார். கணிதம் மட்டும் அப்படியே கிடந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கல்முனைக்கு டியூஷன் போனார்கள். மற்றவர்கள் கணிதப் பாட நேரத்தில் கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றியத்துக்கு மர்ஷூதாவும் மூன்று கடிதம் எழுதி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருவிரல் படம் பதிலாக வந்தது.

அவர்கள் கொடுக்காதவர்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னர் எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகப் பை அனுப்பினார்கள். தோள் வார் மூன்று மாதத்தில் அறுந்தது, ஒன்றியத்தின் சின்னம் மட்டும் இன்னும் மங்கவில்லை. பிறகு தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் வந்தது. அதன் வடிகட்டியை மாற்ற வேண்டிய காலம் வந்தபோது அப்படியொன்று கொழும்பிலும் இல்லை என்றார்கள். இப்போது அதன் மேல்தான் காலைக்கூட்டத்து ஒலிவாங்கியை வைக்கிறார்கள். போன வருடம் பெட்டி பெட்டியாக ஆங்கிலப் புத்தகம். பனியில் சறுக்கி விளையாடும் பிள்ளைகளின் கதைகள். ஒவ்வொன்றுக்கும் விழா, ஒவ்வொரு விழாவுக்கும் படம், ஒவ்வொரு படத்துக்கும் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்த வேண்டும். நிறுத்துகிற வேலை மர்ஷூதாவுடையது.

ஒன்றியத்தின் தலைவர் றினாஸ் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்தக் காலத்தில் கணிதத்துக்குப் பயந்து பின் வரிசை வாங்கில் இருந்தவன். லண்டனில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் பார்சல் வானோடு மாரடித்துவிட்டு, ஏழாம் நாள் ஊருக்காகக் காசு சேர்க்க வீடு வீடாகப் போய்க் கதைக்கிறவன். அதை மர்ஷூதா மறக்கவில்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் கூடியது. இவ்வளவு பாடுபடுகிறவன், ஒரு தரம் காது கொடுத்துக் கேட்டால் என்ன?

ஏசி வந்து இறங்குவதற்கு முன்னர், ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, ஸூம் கூட்டம் வைத்தார்கள். பாடசாலை சார்பில் மூன்று நிமிடம் கதைக்கலாம் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதிபர் பக்கத்தில் இருந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம்தான் இருந்தது. ஒருவரோடும் மனத்தாங்கல் இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. திரையில் பதினெட்டு முகம். எல்லாம் ஆண்கள். சிலர் வாகனத்துக்குள் இருந்தார்கள். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மர்ஷூதா நிறுத்தாமல் சொன்னாள். போன முறை முப்பத்தாறு பேர் சோதனை எழுதி, பதினொரு பேர்தான் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். கணிதம் இல்லாமல் உயர்தரம் போக முடியாது. இந்த வருடம் படிப்பிக்கவே ஆள் இல்லை. திரையும் ஏசியும் பிறகு வரட்டும். ஓய்வு பெற்ற ஒருவரையாவது பிடித்து வாரத்தில் மூன்று நாள் வரச் செய்ய உதவுங்கள்.

றினாஸ் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்.

"டீச்சர், ஆசிரியர் தாறது அரசாங்கத்துட வேலை. நாங்க ஆள் வச்சா, ஆறு மாசத்தில அந்த ஆள் போனா, இஞ்ச உள்ளவங்க குடுத்த காசுக்கு என்ன நடந்ததெண்டு கேப்பாங்க. ஆக்கள் கண்ணால காணுறதுக்குத்தான் காசு தருவாங்க. நான் உங்களுக்கு உள்ளதச் சொல்றன்."

அதற்கு அவள் பதில் சொல்லத் தொடங்கியபோது வாய் அசைந்ததே தவிர, குரல் போகவில்லை. யாரோ அங்கிருந்து அவளுடைய ஒலியை அடைத்துவிட்டார்கள். அடுத்த ஆள் வரவேற்பு வளைவின் நிறத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

"விடுங்க டீச்சர். தாறத வாங்குவம்," என்றார் அதிபர்.

திறப்பு விழா ஓகஸ்ட் நடுவில் நடந்தது. றினாஸ் குடும்பத்தோடு வந்திருந்தான். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, வேர்த்து விறுவிறுத்து, எல்லோரையும் கட்டிப்பிடித்து நலம் விசாரித்தான். அறை நிறையப் பிள்ளைகள் இருந்தால்தான் படம் வடிவாக வரும் என்று பதினோராம் ஆண்டைக் கூட்டி வரச் சொன்னார்கள். தங்களுடைய அறைக்குள் விருந்தாளிகளைப் போலச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர்கள் நுழைந்தார்கள்.

நாடாவை வெட்டினார்கள். ஏசியைப் போட்டார்கள், இரண்டையும். திரையைப் போட்டார்கள். பூமி உருண்டை ஒன்று நீல நிறத்தில் சுழன்றது. பிள்ளைகள் கை தட்டி முடிவதற்குள் கட்டிடத்தின் கரண்ட் முழுவதும் போய்விட்டது.

ஆண்கள் எல்லோரும் வெளியே ஓடினார்கள். திரும்பப் போட்டார்கள், திரும்ப விழுந்தது. பாண்டிருப்பிலிருந்து வினோஜைக் கூப்பிட்டார்கள். அவன்தான் அறைக்கு வயர் இழுத்தவன். மோட்டார் சைக்கிளில் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஏணியில் நின்றபடியே சொன்னான்.

"இந்தக் கட்டிடத்துக்கு வந்திருக்கிற வயர் ஃபேனும் பல்பும் போடுறதுக்குரியது. ரெண்டு ஏசியும் ஒண்டா இழுத்தா விழத்தான் செய்யும். பூட்ட வந்த அண்டைக்கே நளீம் முதலாளிக்கிட்டச் சொன்னனான். விழா முடியட்டும் எண்டு சொன்னாரு."

நளீம் றினாஸின் தங்கையின் கணவன். கல்முனையில் புடவைக் கடை வைத்திருப்பவன். ஒன்றியத்துக்கு ஊரில் பொறுப்பாளரும் அவன்தான். வினோஜ் சொன்னதைக் கேளாதவன் போல் அவன் யாருக்கோ போன் எடுத்துக்கொண்டிருந்தான்.

மர்ஷூதா பிள்ளைகளை வெளியே எடுக்கலாம் என்று அறைக்குள் போனாள். யன்னலெல்லாம் அடைத்திருந்ததால் உள்ளே மாவிடித்த அறை போலப் புழுங்கியது. பிள்ளைகள் கலையவில்லை. பின் வரிசையில் ஒரு மேசையைச் சுற்றிக் கூடி நின்றார்கள். நடுவில் றினாஸின் மனைவி இருந்தாள். கறுப்பு அபாயா, கையில் பேனை. அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் நாலு மூலையும் முட்டுகிற மாதிரி ஓர் உரு கீறியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் றிபா தன் கணிதப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். கடலுக்குப் போகிறவரின் மகள். வகுப்பில் வாய் திறக்காதவள்.

"இந்தக் கோணமும் எதிர்ல இரிக்கிற கோணமும் சேர்ந்தா எவ்வளவு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நூற்றி எண்பது," என்றாள் றிபா.

"ஏன்?"

றிபா யோசித்தாள். சுற்றி நின்றவர்களும் யோசித்தார்கள். அந்தப் பெண் பதிலைச் சொல்லிவிடவில்லை. வட்டத்தின் மையத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு கோடு இழுத்து, பேனையை றிபாவின் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நாலைந்து நிமிடம் போயிருக்கும். வெளியே ஆண்கள் மின்சார சபையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். றிபா மெதுவாக எழுதத் தொடங்கினாள்.

மர்ஷூதா கதவடியில் அசையாமல் நின்றாள். அந்த வருடத்தில் அவள் பார்த்த முதல் கணித வகுப்பு அதுதான்.

பிள்ளைகள் போன பிறகு அவள் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். பெயர் ஸம்றா. சொந்த ஊர் பாலமுனை. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, நிந்தவூரில் இரண்டு வருடம் படிப்பித்துவிட்டு, கல்யாணம் முடித்து லண்டன் போனவள். ஒன்பது வருடமாயிற்று. அங்கே கொஞ்சக் காலம் மரக்கறி பொதி செய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வீட்டில் இருக்கிறாள்.

"ஒன்றியத்தில நீங்க இல்லையா?" என்று மர்ஷூதா கேட்டாள்.

"அது ஆம்புளையள்ட. கூட்டம் எங்கட ஊட்ட நடந்தா நாங்க சோறாக்குவம். வட்டிலப்பம் செய்வம்."

"நான் மூணு கடிதம் எழுதினன் தங்கச்சி. கணிதம் படிப்பிக்க ஆள் வேணுமெண்டு. ஒண்டாவது உங்கட கண்ணில படல்லயா?"

ஸம்றா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கடிதம் எதுவும் அவள் காணவில்லை. தன் வீட்டு முன்னறையில் இருந்து இப்படியொரு கடிதத்தை வாசித்திருக்கிறார்கள், அவளுக்குத் தேநீர் கொண்டு வரத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கோபப்படவில்லை. "எனக்கிட்டக் கேட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாளே மர்ஷூதா றினாஸின் உம்மா வீட்டுக்குப் போனாள். ஸம்றா லண்டனிலிருந்து வாரா வாரம் படிப்பிக்கட்டும், அதற்கு அந்தத் திரையைப் பாவிப்போம் என்றாள். றினாஸ் முதலில் சிரித்தான். பிறகு காரணம் சொல்லத் தொடங்கினான். சனிக்கிழமை அவனுக்கு வேலை, பிள்ளைகளை யார் பார்ப்பது? ஒன்றியத்தில் முடிவெடுக்காமல் எப்படி? ஒன்பது வருடமாகக் கணிதத்தைத் தொடாதவள் பிழையாகச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கு அவமானம்? கமிட்டியில் போட்டுப் பார்ப்போம் என்றான்.

ஸம்றா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கமிட்டியில போட வேணா," என்றாள். "நான் படிப்பிக்கிறன் டீச்சர். நேரத்தச் சொல்லுங்க."

றினாஸ் உம்மாவும் தங்கையும் இருக்கிற இடத்தில் மனைவியோடு வாக்குவாதப்பட விரும்பவில்லை. அதனால் மட்டும்தான் அன்றைக்கு அந்த விஷயம் முடிவாகியது என்று மர்ஷூதா பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. சனிக்கிழமை பின்னேரம் இரண்டரை மணி. ஸம்றா திரும்பிப் போயிருந்த லண்டனில் காலை பத்து.

தொடங்கியது என்று சொல்வதும் பெரிய சொல். அறைப் பூட்டின் திறப்பு நளீமிடம் இருந்தது. சாமான்களுக்கு அவன் பொறுப்பாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் மர்ஷூதா கல்முனைக்குப் பஸ் ஏறி, அவனுடைய கடையில் சாரி வாங்க வந்தவர்களோடு நின்று திறப்பை வாங்கி வந்து, வகுப்பு முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கும் லண்டனிலிருந்து அனுமதி வந்திருக்கிறதா என்று அவன் போனைப் பார்ப்பான். அனுமதி கொடுக்க வேண்டியவனின் வீட்டிலிருந்துதான் வகுப்பே நடக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். முறை என்று ஒன்று இருக்கிறது டீச்சர் என்றான்.

ஏசி போட முடியாது, யன்னலைத் திறக்கவும் முடியாது. பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டு இருந்தார்கள். வினோஜ் வந்து இரண்டு யன்னலின் கண்ணாடியைக் கழற்றித் தந்தான்.

வகுப்பும் நினைத்த மாதிரி வரவில்லை. ஸம்றாவின் குரல் பிந்தி வந்தது. அவள் ஒன்றைக் கேட்டால், இங்கே பதில் சொல்ல, அதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டிருப்பாள். இரண்டு பேரும் ஒன்றாகக் கதைத்து ஒன்றாக நிறுத்துவார்கள். பிள்ளைகள் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. விளங்கியதா என்று கேட்டால் ஓம் என்றார்கள். மடக்கை கணக்கு ஒன்றைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் முப்பத்திநாலு பேரில் நாலு பேர் செய்தார்கள். புள்ளியிடும் திட்டமும் மாறியிருந்தது. எந்தப் படிமுறைக்கு எத்தனை புள்ளி என்று ஸம்றாவுக்கே தெரியவில்லை.

இரண்டாவது வகுப்பு முடிந்ததும் அவள் போன் எடுத்தாள்.

"எனக்கு ஏலா ராத்தா. புள்ளைகள்ட முகம் தெரியுதில்ல. யாருக்கு எங்க பிழைக்குதெண்டு தெரியாம நான் சுவத்தோட கதைக்கிறன். அவர் சொன்னது சரிதான் போல."

கணிதம் தெரிந்த ஆளுக்கு நாதியில்லாமல் எட்டு மாதம் அலைந்து, கிடைத்த ஒருத்தியும் கைநழுவப் போகிறாள் என்றதும் மர்ஷூதாவுக்கு வந்த ஆத்திரத்தில் போனை எறியத் தோன்றியது. யார் மேல் ஆத்திரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஸம்றா சொன்னது சரி. அறையில் ஒரு பெரிய ஆள் இருக்க வேண்டும். திரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் வருகிற ஒரு ஆள்.

"உங்கட கண்ணுக்குப் பதிலா நான் நிக்கிறன்," என்றாள். "ஒரு சனி மட்டும் பாருங்க. அதுக்குப் பிறகு ஏலாதெண்டா விட்டுருவம்."

மூன்றாவது வகுப்புக்கு அவள் சரித்திரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கொப்பியும் பென்சிலுமாக முன் வாங்கில் இருந்தாள். ஸம்றா ஒரு கணக்கைக் கொடுத்ததும், வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு கொப்பியையும் போனால் படம் பிடித்து அனுப்பினாள். லண்டனில் ஸம்றா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, மூன்றாம் வரியில் குறி மாறிப்போச்சு என்று பெயர் சொல்லிச் சொன்னாள். பெயர் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து இருந்தார்கள். தனக்கு விளங்காத இடத்தில் மர்ஷூதாவே கையைத் தூக்கினாள். பிரதி அதிபருக்கே விளங்கவில்லை என்றதும் மற்றவர்களும் கேட்கத் துணிந்தார்கள். அன்றைக்கு ஒன்றரை மணித்தியால வகுப்பு இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆகியது.

அதற்குப் பிறகு சனிக்கிழமையோடு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்தது. கடந்தகால வினாத்தாள்களை மர்ஷூதா தேடிப் பிடித்து அனுப்பினாள். நாலாம் வாரத்தில் ஸம்றா புள்ளியிடும் திட்டத்தை இவளுக்கே விளக்கினாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மர்ஷூதா கல்முனைக்குப் போனால் நளீமின் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டாள். குடும்பத்தோடு கண்டிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார். போன் எடுத்தாள். எடுக்கவில்லை. ஐந்து தரம் எடுத்தாள். கடைசியில் ஒரு குறுந்தகவல் வந்தது: திறப்பு என் பொக்கட்டில் இருக்கிறது டீச்சர், அடுத்த கிழமை பார்ப்போம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குக் காதெல்லாம் கொதித்தது. பாடசாலை அவர்களுடையது. அறை அவர்களுடையது. அதற்குள் இருந்த பிள்ளைகளை வெளியே எடுத்துவிட்டுப் பூட்டுப் போட்டு, திறப்பைப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு ஒருவன் கண்டியில் புரியாணி தின்கிறான். பாடசாலையில் வந்து இறங்கியபோது இரண்டரைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பிள்ளைகள் வராந்தாவில் கொப்பியோடு நின்றார்கள். றிபாவின் வாப்பா வெயிலுக்குள் அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

அவள் வினோஜுக்குப் போன் எடுத்தாள். அவன் வந்து பூட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வெட்டுறது ரெண்டு நிமிஷ வேலை டீச்சர். பிறகு என்னப் பிடிக்கப்படாது."

"பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில எழுதுறன். நான் சொல்லித்தான் வெட்டினதெண்டு, நேரத்தோட, கையொப்பத்தோட. உங்கட பேர் வராது."

"பேர் வந்தாலும் பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு அவன் கிரைண்டரை எடுத்தான்.

பூட்டு அறுந்து விழுந்தபோது இரண்டு இருபத்தெட்டு. வினோஜ் வருவதற்குள் அவள் சந்திக் கடையில் தன் காசில் வாங்கி வந்த புதுப் பூட்டின் திறப்புகளில் ஒன்றை அதிபரின் மேசையிலும் ஒன்றைத் தன் கைப்பையிலும் வைத்தாள். திரையில் ஸம்றாவின் முகம் வந்தது. மர்ஷூதா வரவு எடுக்கத் தொடங்கினாள்.

செய்தி கண்டிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்குப் போக ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. முதலில் அதிபர் போன் எடுத்தார். எனக்கு எட்டு மாதம்தான் இருக்கிறது டீச்சர், என்னை ஏன் கரச்சலில் மாட்டுகிறீர்கள் என்று கெஞ்சினார். அவருடைய போனை வைப்பதற்குள் றினாஸின் போன் வந்தது. அவள் வகுப்பை விட்டு வராந்தாவுக்கு வந்து எடுத்தாள்.

அவன் கத்தினான். இரத்தத்தைச் சிந்தி உழைத்த சாமான் என்றான். நம்பிக்கைத் துரோகம் என்றான். ஒன்றியத்தை அவமதித்துவிட்டீர்கள், இனி இந்தப் பாடசாலைக்கு ஒரு பென்சில் வராது என்றான். அவனுடைய குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் மெல்லியதாகக் கேட்டது. படித்திறனைக் காண முதலில் இரண்டு புள்ளியை எடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஒரு கணம் கழித்து, அதே வசனம் அவளுக்குப் பின்னால், வகுப்பறைக்குள்ளிருந்தும் கேட்டது.

"றினாஸ்," என்றாள். "உங்கட பக்கத்து அறையில உங்கட மனிசி எங்கட புள்ளைகளுக்குப் படிப்பிச்சிட்டிருக்கா. கொஞ்சம் மெல்லக் கதைங்க. வகுப்பு குழம்புது."

அந்தப் பக்கம் கதவு ஒன்று சாத்தப்படுவது கேட்டது. பிறகு அவன் தணிந்த குரலில், ஆனாலும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்றான்.

"ஜனவரியில இருந்து கேட்டன்," என்றாள் மர்ஷூதா. "எனக்கு இப்ப வகுப்பிரிக்கி. பிறகு எடுங்க."

அவன் பிறகு எடுக்கவில்லை. நளீம் திங்கட்கிழமை வந்து பழைய பூட்டின் துண்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். ஒன்றியத்தில் கண்டனத் தீர்மானம் எடுத்ததாக ஒரு கடிதம் வந்தது. மர்ஷூதா அதைக் கோப்பில் போட்டாள். வகுப்பு நிற்கவில்லை. நவம்பரில் வெள்ளம் வந்து பாடசாலை பத்து நாள் மூடிக் கிடந்தபோது மட்டும் நின்றது. டிசம்பரில் அதற்கும் சேர்த்து நடத்தினார்கள்.

மார்ச்சில் சோதனை முடிந்தது. ஜூலையில் பெறுபேறு வந்தது. முப்பத்திநாலு பேரில் இருபத்திமூன்று பேர் கணிதத்தில் சித்தி. றிபாவுக்கு 'பி' சித்தி. பதினொரு பேர் தவறியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் ஒரு வகுப்பையும் விடாமல் வந்தவர்கள். அந்த மூன்று பேரின் பெயரையும் மர்ஷூதா போனில் ஸம்றாவுக்கு வாசித்தாள். பிறகு ஸம்றா, அந்தப் பதினொரு பேரையும் திரும்ப எழுதச் சொல்லுங்கள், இந்த ஞாயிறே தொடங்குவோம் என்றாள். இன்னுமொன்றும் சொன்னாள். லெஸ்டரில் றுக்ஸானா என்று ஒருத்தி, விஞ்ஞானம் படித்தவள். டோஹாவில் றம்ஸியா, ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். இரண்டு பேரிடமும் கதைத்துவிட்டாள். அவர்களிடமும் இதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் ஒன்றியத்தின் சுவரொட்டி எல்லாருடைய போனிலும் வந்தது. "எமது ஸ்மார்ட் வகுப்பறையின் சாதனை" என்று பெரிய எழுத்தில். தொடுதிரையின் படம், நாடா வெட்டுகிற படம், றினாஸின் படம், நளீமின் படம். மர்ஷூதா ஆசிரியர் அறையில் இருந்து அதைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். விவசாய ஆசிரியர் என்ன டீச்சர் என்று கேட்டார். அவள் போனை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு, கத்தரிக்காயையும் போட்டிருக்கலாம் என்றார்.

அவள் றினாஸுக்கு நேரே போன் எடுத்தாள். படிப்பித்த ஆளின் பெயர் எங்கே என்று கேட்டாள். அவன் தடுமாறினான். பொம்புளையளின் பெயரைப் போட்டால் சிலருக்குப் பிடிக்காது என்றான், கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, வேறு குரலில் கதைத்தான்.

"ஞாயிற்றுக்கிழமை வகுப்ப அரை மணித்தியாலம் பிந்தி வைக்கேலுமா டீச்சர்? சின்னவனுக்கு நீச்சல் வகுப்பிரிக்கி. நான்தான் கொண்டு போறன். அவ தொடங்கக்குள்ள நான் ஊட்டில இல்லாட்டி மூத்தவன் கரச்சல் குடுப்பான்."

சனியும் ஞாயிறும் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. சனிக்கிழமை வேலையை அவன் எப்போது விட்டான் என்றும் தெரியாது. ஸம்றாவும் சொல்லவில்லை. மர்ஷூதா நேரத்தை மாற்றித் தருவதாகச் சொன்னாள். அவன் நன்றி சொன்னான். அடுத்த வருடம் பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு ஒன்று கட்டித்தர யோசிப்பதாகவும், நிறம் எது நல்லது என்றும் கேட்டான். அவள் கண்ணை மூடி, பத்து வரைக்கும் எண்ணிவிட்டு, வளைவுக்குப் பதிலாக வயர் மாற்றித் தாருங்கள் என்றாள். பார்ப்போம் என்றான்.

பின்னேரம் திருத்திய சுவரொட்டி வந்தது. எல்லாப் படங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. கீழே, ஒன்றியத்தின் தொலைபேசி இலக்கத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "கற்பித்தலில் உதவியவர்: திருமதி றினாஸ்."

மர்ஷூதா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு றினாஸுக்கு எழுதினாள்: "அவட பேர் ஸம்றா."

பெருவிரல் படம் ஒன்று வந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, லெஸ்டருக்கும் டோஹாவுக்கும் எத்தனை மணித்தியாலம் வித்தியாசம் என்று விவசாய ஆசிரியரிடம் கேட்டு, புதிய நேரசூசியைக் கீறத் தொடங்கினாள்.